பாறைக்கு முன்னால் நின்றவர்

1995 ஆகஸ்டு 1, செவ்வாய்

இந்த டைரி மூத்த பேரன் லோகேஸ்வரன் கொடுத்தது. அட்டையில் ஒரு சிமெண்டு கம்பெனி பேர் போட்டிருக்கிறது. ஏழு மாதம் சும்மா கிடந்தது. வீணாகப் போகக்கூடாதென்று இன்றைக்கு ஆரம்பிக்கிறேன். நான் ஐந்தாவது வரை படித்தவள். பிழை இருந்தால் இருக்கட்டும்.

நல்ல சேதிகளை முதலில் எழுதிவைக்கிறேன். லோகேஸ்வரன் ஜொகூரில் இன்ஜினியர் படிப்பு, மூன்றாம் வருஷம். போன பரீட்சையில் வகுப்பிலேயே இரண்டாவது. மகள் வீட்டுப் பேத்தி கோகிலவாணி தாதிப் படிப்பு முடித்து ஆஸ்பத்திரி வேலையில் சேர்ந்துவிட்டாள். அவள் தம்பி முகுந்தன் பூப்பந்தில் கோப்பை வாங்கி, பேப்பரில் பேர் வந்தது. பேரில் ஒரு எழுத்து தப்பு, ஆனால் அவன்தான். இந்த வீட்டிலேயே என்னோடு இருக்கிற மகன் வீட்டுப் பேத்தி தனேஸ்வரி ஐந்தாம் படிவம். சரித்திரப் பாடத்தில் அவளை அடிக்க ஆள் இல்லை. ஜப்பான்காரன் சண்டை முடிந்து ஐம்பது வருஷம் ஆனதற்குத் தமிழர் சங்கத்தில் செப்டம்பர் இரண்டாம் தேதி கூட்டம் வைக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளில் இவள் ஒருத்தியைத்தான் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். தலைப்பு, "என் கொள்ளுத்தாத்தா ஒரு வீரர்". என் அப்பாவைப் பற்றி.

கூடத்துச் சுவரில் எல்லாப் பிள்ளைகள் படமும் இருக்கிறது. கோகிலவாணியின் தாதி உடுப்புப் படம்தான் பாக்கி. அனுப்பச் சொல்லி மூன்று கடிதம் போட்டாயிற்று.

நடுவில் இருப்பது அப்பா. அவருக்குப் போட்டோ கிடையாது. மகன் தணிகாசலம் ஈப்போவில் ஒரு ஸ்டூடியோக்காரரிடம் வரையக் கொடுத்தான். அவர் சாயல் வேண்டுமே என்று தணிகாசலத்தையே உட்காரவைத்து வரைந்து, மீசையும் பட்டாளத் தொப்பியும் சேர்த்துவிட்டார். கீழே "மாரப்பன், இந்திய தேசிய ராணுவம்" என்று எழுதியிருக்கிறது. பார்க்க எடுப்பாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்டு 6, ஞாயிறு

டிவியில் புதுத் தொடர். நாலு ஞாயிற்றுக்கிழமை, மூன்று மணிக்கு. அந்தக் காலத்தில் சண்டை நடக்கும்போதே எடுத்த படச்சுருள்களைத் தேடியெடுத்து ஒட்டியிருக்கிறார்களாம். இங்கிலீஷில் பேசுகிறார்கள், கீழே மலாயில் எழுத்து ஓடுகிறது. தனேஸ்வரி எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். பேச்சுக்கு உதவும் என்று தணிகாசலம் அதை வீடியோ கேசட்டில் பதிந்தான். பதிந்தது மருமகள் லலிதாவின் தங்கை கல்யாணக் கேசட்டின் மேல்.

"தாலி கட்டுறது போச்சு. இப்ப அந்த இடத்துல ஜப்பான்காரன் சைக்கிள்ல வரான்" என்றாள் லலிதா.

"ரெண்டும் படையெடுப்புதானே" என்றான் இவன். அதோடு சமையலறையில் பாத்திரங்கள் பேசின.

சைக்கிளில் சிப்பாய்கள் வரிசையாக வருகிற படம் வந்தது. பின்னால் பாட்டு வாசித்தார்கள். அது சரியில்லை என்றேன். டயர் கிழிந்துபோய் வெறும் இரும்புச் சக்கரத்தில் தார் ரோட்டில் வந்தார்கள். கடகடவென்ற சத்தம் நாங்கள் குடியிருந்த தோட்டத்து லயம் வரைக்கும் கேட்டது. தனேஸ்வரி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாட்டி, இது புத்தகத்துல இல்ல. வேற என்ன ஞாபகம் இருக்கு, சொல்லுங்க."

பெரட்டு பற்றிச் சொன்னேன். தோட்டத்தில் விடியுமுன் எல்லாரும் ஆபீசுக்கு முன்னால் கூடி நிற்பதற்குப் பெரட்டு என்று பேர். அங்கமுத்துக் கங்காணி ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். ஆள் குரல் கொடுத்தால் புத்தகத்தில் பேர் விழும். பேர் விழுந்தால்தான் அன்றைக்கு வேலை. ஜப்பான் காலத்தில் பேர் விழுந்தால்தான் அரிசி. வர நேரமாகிறவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் குரல் கொடுப்பது எங்கள் வழக்கம். அப்பா மெதுவாக வருகிறவர். நான் முன்னாலேயே ஓடிப்போய் நின்று, "மாரப்பன்" என்றதும் "இருக்கார்" என்று கத்துவேன். என் குரல் கணீரென்று இருக்கும். "உங்கப்பனுக்கு நீதாண்டி வாய்" என்று கங்காணி சிரிப்பார்.

தனேஸ்வரி அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஆகஸ்டு 9, புதன்

கோகிலவாணிக்கு நாலாவது கடிதம். தொப்பியோடு இருக்கிற படமாக அனுப்பச் சொன்னேன்.

ஆகஸ்டு 13, ஞாயிறு

இன்று ஜப்பான்காரர்கள் போட்ட சயாம் ரயில் பாதை பற்றிக் காட்டினார்கள். தோட்டங்களிலிருந்து ஆட்களை லாரியிலும் ரயிலிலும் அடைத்துக் கொண்டுபோய், காட்டையும் மலையையும் வெட்டவிட்டார்கள். போனவர்களில் பாதிப்பேர் திரும்பவில்லை என்றார்கள்.

ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே பார்த்தேன். மாவு கெட்டியாகிவிட்டது. லலிதா எடுத்துப்போய் மறுபடி தண்ணீர் விட்டாள்.

ஆகஸ்டு 14, திங்கள்

எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு கேசட்டைப் போட்டேன். எந்தப் பொத்தானை அமுக்கவேண்டும் என்று தனேஸ்வரியிடம் நேற்றே கேட்டுவைத்திருந்தேன். நாடகம் பார்க்க என்று சொன்னேன்.

ஒரு பெரிய பாறை. யானை முதுகு மாதிரி, நடுவில் பிளந்திருக்கிறது. அதன் முன்னால் நம் ஆட்கள் கூடையில் மண் சுமக்கிறார்கள். மூன்றாவதாக வருகிறவர் இடது தோளைத் தூக்கி நடக்கிறார். தலைத்துண்டின் முனை நெற்றியில் தொங்குகிறது. அப்படி யாரும் கட்டமாட்டார்கள், கண்ணில் படும் என்று அம்மா அப்பாவைத் திட்டுவாள். கூடையை இறக்குகிறார். யாரோ பக்கத்திலிருந்து ஏதோ சொல்கிறார்கள். நிமிர்ந்து, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து நேராக நம்மைப் பார்க்கிறார். அந்தக் கையில் சுண்டுவிரலும் அடுத்த விரலும் பாதிதான். விறகு பிளக்கும்போது போனது. நான் பிறப்பதற்கு முந்தி.

சிரிக்கிறார். பொத்தானை அமுக்கினேன். படம் நடுங்கிக்கொண்டே நின்றது. பக்கத்தில் போனால் புள்ளி புள்ளியாகிவிடுகிறது. தள்ளி வந்தால் அவர்.

இடுப்பில் ஒரு துண்டுத் துணி. வேறொன்றும் இல்லை. விலா எலும்பை எண்ணலாம்.

பதினொரு தடவை பார்த்தேன். பிறகு துணி காயப்போட்டேன்.

ஆகஸ்டு 15, செவ்வாய்

மழை. கண் வலி.

ஆகஸ்டு 17, வியாழன்

தனேஸ்வரி பேச்சை எழுதி எனக்கு வாசித்துக் காட்டினாள். "இந்தியத் தாயின் விலங்கை உடைக்கத் தாமாகவே முன்வந்து துப்பாக்கி ஏந்திய மாரப்பன்" என்று ஆரம்பம். நல்ல தமிழ். சங்கத்துத் தலைவர் அந்தப் படத்தையும் மேடையில் வைக்கக் கேட்டிருக்கிறாராம், மாலை போட.

"பாட்டி, தாத்தா போறப்ப உங்ககிட்ட கடைசியா என்ன சொன்னாரு?"

ஞாபகமில்லை என்றேன்.

"ஏதாவது சொல்லியிருப்பாரு பாட்டி. பத்து வயசு உங்களுக்கு. யோசிச்சுச் சொல்லுங்க, முடிவுல போடணும்."

அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று எழுந்து போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஆகஸ்டு 20, ஞாயிறு

போன வாரத்துப் பாறையை இன்றைக்கும் காட்டினார்கள். தனேஸ்வரி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். முதல் படத்தை ஜப்பான்காரர்களே எடுத்தார்களாம். கூலிகள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று மற்ற ஊர்களில் காட்டுவதற்கு. அதற்காக எல்லாரையும் சிரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சுருள் ஜப்பானில் ஒரு டப்பாவில் கிடந்தது. சண்டை முடிந்ததும் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அதே வழியாகப் போய் எடுத்த படம் லண்டனில் வேறொரு டப்பாவில். ஐம்பது வருஷமாக இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. இவர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். இந்தப் பக்கம் பாறை, முன்னால் ஆட்கள். அந்தப் பக்கம் அதே பாறை, அதே பிளவு, முன்னால் ஆளே இல்லை. மூங்கில் குச்சிகள் வரிசை வரிசையாக நட்டிருக்கிறது. குச்சிக்கு ஒரு ஆள் என்றாள் தனேஸ்வரி. காலராவாம். குச்சியில் பேர் கிடையாது.

பிறகு ஒரு கிழவர் வந்தார். எங்கள் பக்கத்துத் தோட்டத்து ஆள் போலத்தான் இருந்தார். அவர் தமிழில் பேசியதால் தனேஸ்வரி சொல்லத் தேவை இருக்கவில்லை.

"எங்க தோட்டத்துல பெரட்டுலதாங்க புடிச்சான். கங்காணி பேரு கூப்பிட, பக்கத்துல ஜப்பான்காரன் நிக்கிறான். இருக்கேன்னவன் எல்லாம் லாரியில ஏறினான். குரல் கொடுக்காம காட்டுக்குள்ள கெடந்தவன் தப்பிச்சான். அவன் பேரன் இன்னைக்குக் கடை வச்சிருக்கான்."

"பாட்டி, நீங்க சொன்ன பெரட்டு" என்று தனேஸ்வரி என் முழங்காலைத் தட்டினாள்.

நான் எழுந்து விளக்கேற்றப் போனேன். நாலு மணிதான் ஆகியிருந்தது.

ஆகஸ்டு 21, திங்கள்

தலைவலி.

ஆகஸ்டு 22, செவ்வாய்

தலைவலி.

ஆகஸ்டு 24, வியாழன்

கோகிலவாணியிடமிருந்து கடிதம் வந்தது. உள்ளே படம் இல்லை. கேமரா வைத்திருக்கிற தோழி லீவில் போயிருக்கிறாளாம்.

அம்மாவைப் பற்றி எழுதுகிறேன். அவள் பேர் காத்தாயி. அப்பா போன பிறகு அவள் என்னை அடித்ததே இல்லை. அதற்கு முந்தி நன்றாக அடிப்பாள். பெரட்டுக்கு மட்டும் என்னை மறுபடி அனுப்பவில்லை. அப்பாவை ஏற்றிய லாரி போய் ஒரு மாதம் இருக்கும், என் தலையில் பேன் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"உங்கப்பா பட்டாளத்துல சேந்துட்டாராம். அவரா இஷ்டப்பட்டுத்தான் போனாராம். ஆள் வந்து சொன்னாங்க."

யார் வந்து சொன்னது என்று நான் கேட்கவில்லை. சொல்லி முடித்து என் தலையைத் தன் மடியில் அமுக்கி வைத்துக்கொண்டாள், ரொம்ப நேரம். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணமாகிப் போன வீட்டில் சொன்னேன், பிள்ளைகளிடம் சொன்னேன், பேரப்பிள்ளைகளிடம் சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே அப்பா என்றால் தொப்பியோடுதான் வருவார்.

அப்படி ஒரு ஆள் வரவில்லை. அது எனக்கு இப்போதுதான் தெரியும் என்று எழுதினால் பொய். இஷ்டப்பட்டுப் போனார் என்று அம்மா யாருக்காகச் சொன்னாள் என்பது மட்டும் இப்போதுதான் தெரிகிறது.

ஆகஸ்டு 27, ஞாயிறு

தொடர் முடிந்தது. கடைசியில் பாட்டு இல்லாமல், பழைய படத்திலிருந்து முகங்களை ஒவ்வொன்றாக நிறுத்திக் காட்டினார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் கீழே பேர், ஊர், பட்டாளத்து எண் எல்லாம் வந்தது. நம் ஆட்கள் வந்தபோது கீழே ஒன்றும் இல்லை. அப்பா ஆறாவதாக வந்தார். நாலு எண்ணும் நேரம் நின்றார். யாருக்காவது இவர்களைத் தெரிந்தால் எழுதுங்கள் என்று விலாசம் போட்டார்கள்.

"பாவம், யாரு பெத்த பிள்ளைகளோ" என்றாள் லலிதா.

தணிகாசலம் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தாத்தா அவனைப் பார்த்தார். அவனுக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும், அவனுக்கு நான் காட்டிவைத்தது அவன் முகத்தைத்தானே.

சண்டை என்றால் எனக்கு ஒரு காலைநேரம், ஒரு லாரி. அது வளைவில் திரும்பியதோடு முடிந்தது. அந்த வளைவுக்கு அப்புறம் என்ன நடந்தது என்று சொல்ல வீட்டில் யாரும் இருந்ததில்லை. இந்தப் பெட்டிதான் காட்டிற்று. காட்டியிருக்க வேண்டாம் என்றும் தோன்றுகிறது. மூங்கில் குச்சிகளைப் பார்த்த பிறகு அப்படி நினைக்கவும் முடியவில்லை.

ஆகஸ்டு 29, செவ்வாய்

தனேஸ்வரி பள்ளியிலிருந்து வந்து சாப்பிட்டு முடித்ததும் கேசட்டைப் போடச் சொன்னேன். பாறையில் நிறுத்தச் சொன்னேன்.

"மூணாவது ஆளுதான் உன் கொள்ளுத்தாத்தா."

சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். விரல்களைக் காட்டினேன், தலைத்துண்டைக் காட்டினேன்.

"பாட்டி, சனிக்கிழமை கூட்டம். இதை இன்னைக்குச் சொல்றீங்களே. அப்ப பட்டாளம்?"

"பட்டாளம் இல்ல."

"தாமாகவே முன்வந்துன்னு எழுதியிருக்கேன். டீச்சர் திருத்திக் கொடுத்தாச்சு. நான் என்னன்னு போய் நிப்பேன் அங்க? கோவணத்தோட மண்ணு சுமந்தாருன்னா?"

"ஆமா" என்றேன்.

அழுதாள். எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் படத்துக்கு முன்னால் நானும் எத்தனை பேரிடம் நெஞ்சை நிமிர்த்தியிருக்கிறேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"எப்படிப் பிடிச்சாங்க?"

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இவளிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

ஆனி மாதம். லாரி வரப்போகிறது என்று முந்தின நாளே தெரிந்து, அப்பாவைப் புகைக்கொட்டாயில் ஒளித்துவைத்திருந்தார்கள். ரப்பர் பால் ஷீட்டு காயப்போடுகிற இடம் அது, அந்தச் சமயம் நெருப்பு மூட்டாமல் கிடந்தது. பெரட்டில் அப்பா பேர் கூப்பிட்டால் வாயைத் திறக்காதே என்று அம்மா சொல்லித்தான் அனுப்பினாள். தினமும் வருகிற என்னை அனுப்பாவிட்டால் சந்தேகம் வரும். கங்காணி ஒருமுறை "மாரப்பன்" என்றார். சும்மா இருந்தேன். இரண்டாவது தடவை கூப்பிட்டார். சும்மா இருந்தேன். மூன்றாவது தடவைக்கும் குரல் வராவிட்டால் அரிசி கிடையாது. இரண்டு நாளாக மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. கங்காணி பென்சிலை எடுத்தார், பேரை அடிக்க. "இருக்கார்" என்று கத்திவிட்டேன். பழக்கம். கணீரென்று.

கங்காணி சிரிக்கவில்லை. பென்சில் அப்படியே நின்றது. பக்கத்தில் நின்ற ஜப்பான்காரன் அவரை ஏதோ கேட்டான். அவர் என்னைக் கேட்டார், எங்கே என்று. நான் சொல்லவில்லை. கையும் காட்டவில்லை. புகைக்கொட்டாய்ப் பக்கம் பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான்.

டிவியில் அவர் நெற்றியில் கை வைத்தபடி நடுங்கிக்கொண்டிருந்தார். அப்புறம் தனேஸ்வரி எழுந்துபோய் எனக்குக் காப்பி கலக்கிக்கொண்டு வந்தாள். சர்க்கரை போட மறந்துவிட்டாள். குடித்தேன்.

ஆகஸ்டு 30, புதன்

தணிகாசலத்திடம் தனேஸ்வரியே சொல்லிவிட்டாள். அவன் சட்டை மாற்றாமல் கூடத்தில் நின்று அந்தப் படத்தையே பார்த்தான்.

"ஏம்மா, எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல."

நாற்காலி போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினான். "பட்டாளத்துக்குப் போகாதவன் நான்தான். எனக்கு எதுக்கு மாலை" என்றான். சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. சுவரில் அந்த இடம் மட்டும் பழைய பெயிண்டு நிறத்தில் சதுரமாகத் தெரிகிறது.

செப்டம்பர் 2, சனி

கூட்டம். முதலில் தலைவர் பேசினார். பிறகு தனேஸ்வரி. எழுதிவைத்திருந்த பேச்சைக் கையில் வைத்திருந்தாள், பிரிக்கவில்லை. துப்பாக்கி பற்றி ஒன்றும் இல்லை. இரண்டு டப்பாவில் கிடந்த படத்தைப் பற்றிச் சொன்னாள். குச்சிகளைப் பற்றிச் சொன்னாள். பெரட்டைப் பற்றிச் சொன்னாள், ஆனால் "ஒரு வீட்டில் ஒரு பிள்ளை" என்று மட்டும். அந்த வீடு எந்த வீடு என்று சொல்லவில்லை.

கைதட்டல் கொஞ்சம்தான். தலைவருக்கு முகம் சரியில்லை, வாங்கி வந்த மாலை மேசையிலேயே கிடந்தது. முன்வரிசையில் ஒரு கிழவி எழுந்து, "எங்கண்ணன் பேரு சொக்கன். அவனும் போனான்" என்றாள். அவள் உட்கார்ந்ததும் பின்னால் இன்னொருத்தர் ஒரு பேர் சொன்னார். பிறகு இன்னொருத்தர். எல்லாரும் ஒவ்வொரு பேர் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். பெரட்டு மாதிரியே இருந்தது, குரல் கொடுக்க மட்டும் ஆள் இல்லை.

நான் எழுந்திருக்கவில்லை. கால் மரத்துப்போயிருந்தது.

செப்டம்பர் 3, ஞாயிறு

மூன்று மணிக்கு டிவி போடவில்லை. நான் சொல்லச் சொல்ல, தனேஸ்வரி இங்கிலீஷில் எழுதினாள். நான் சொன்னது இது.

"ஐயா, உங்கள் தொடரில் பிளந்த பாறைக்கு முன்னால் மண் கூடை இறக்கி நிமிர்கிறவர் என் அப்பா. வலது கையில் இரண்டு விரல் பாதி இருக்காது. பெயர் மாரப்பன். பேராக்கில் புக்கிட் செரைத் தோட்டம், பால்வெட்டுத் தொழிலாளி. மனைவி பெயர் காத்தாயி. அவர் இஷ்டப்பட்டுப் போனவர் இல்லை. ஒளிந்திருந்தார். பெரட்டில் அவர் பெயருக்குக் குரல் கொடுத்தது அவர் மகள் செங்கமலம், அப்போது பத்து வயது, இந்தக் கடிதம் எழுதுகிறவள்."

தனேஸ்வரி பேனாவை நிறுத்தினாள். "இதை எழுதணுமா பாட்டி? அவங்க பேரு மட்டும்தானே கேட்டாங்க."

"எழுது" என்றேன். "அவருக்குக் கீழே ஒண்ணுமே இல்லாம போட்டாங்க. வர்றது முழுசா வரட்டும்."

எழுதினாள். கோகிலவாணிக்கு இனிமேல் படம் கேட்டு எழுதப்போவதில்லை என்றும் அவளிடம் சொன்னேன், தோழி லீவிலிருந்து வரும்போது வரட்டும். பிறகு கடைசி வரியைச் சொன்னேன்.

"அப்பா படம் ஒன்று எனக்குத் தபாலில் அனுப்பிவைக்கவும். சிரிக்கிற படம் வேண்டாம், அது அவர்கள் சொன்னதற்காகச் சிரித்தது. சிரித்து முடித்துக் கையை நெற்றியிலிருந்து எடுக்கிறார். அடுத்த கூடைக்குக் குனியுமுன் ஒரு கணம் முகம் அவர் முகமாகவே இருக்கிறது. அந்த இடத்தில் நிறுத்தி எடுத்து அனுப்பவும். சுவரில் இடம் இருக்கிறது."